முழங்கால் ஆழத்தில் சுக்கான்

எங்கள் புன்செய்க் காட்டில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே நான் கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். மாடு விழுந்தால் என்ன செய்வது? மழை பெய்து குழி நிறைந்து, ஆழம் தெரியாமல் யாராவது இறங்கிவிட்டால்? வீட்டில் வேறு யாருக்கும் இந்தக் கவலை இல்லாததால் எல்லோருக்கும் சேர்த்து நானே கவலைப்பட்டேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

குழி கேட்டவர்கள் மண் சர்வேக்காரர்கள். சர்வே என்றால் சங்கிலி இழுத்து வரப்புச் சண்டை தீர்ப்பது என்றுதான் எங்கள் ஊரில் தெரியும். இவர்களுக்கு வரப்பைப் பற்றி அக்கறையே கிடையாது. நிலம் யாருடையது என்று கேட்காமல், நிலம் எப்படிப்பட்ட ஆள் என்று விசாரிப்பவர்கள். கையில் ஒரு கத்தி, சின்னச் சுத்தியல், தண்ணீர் பாட்டில், பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டமாக மண் நிறங்கள் ஒட்டிய ஒரு புத்தகம். மண்கட்டியை நனைத்து அந்த நிறங்களோடு வைத்துப் பார்ப்பார்கள், ஜவுளிக்கடையில் சேலைக்கு ரவிக்கைத் துணி சேர்த்துப் பார்ப்பது மாதிரி.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மண் வகையை முதன்முதலில் எந்த ஊரில் தோண்டிப் பார்த்து எழுதுகிறார்களோ, அந்த ஊர்ப் பேரையே அந்த மண்ணுக்கு வைத்துவிடுவார்கள். அப்புறம் அதே மண் எந்தச் சீமையில் கிடைத்தாலும் அதே பேர்தான். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த பழைய சர்வேயில், கிணத்துக்கடவுக்கு இந்தப் பக்கம் அவர்கள் முதலில் தோண்டியது என் மாமா ஊரில். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவர் ஊர் எங்களுக்கு மேற்கே, மிதித்தால் மூச்சு வாங்குவதற்குள் போய்ச் சேருகிற சைக்கிள் தூரம். தோண்டியவர்கள் அந்த ஊர்ப் பேரையே வைத்து, வரைபடத்தில் எங்கள் காட்டுக்கும் சேர்த்து ஒரே நிறத்தைத் தீட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆகவே, அரசாங்கக் கணக்கில் என் அப்பாவின் நிலத்தில் இருந்தது மச்சான் ஊர் மண். மாமா இதைக் கல்யாணம், காதுகுத்து, கெடாவெட்டு எதிலும் சொல்லாமல் விட்டதில்லை.

"பொண்ணையும் குடுத்தோம், மண்ணுக்குப் பேரையும் குடுத்தோம். இன்னும் என்னங்க மாப்ள வேணும்?"

பந்தியில் எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அதைத் தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாமல் போனது தென்னை விஷயம்.

மாமா தன் தோப்பிலேயே நாற்று விட்டு வளர்த்த தென்னம்பிள்ளைகளில் பாதியைத் தங்கச்சி வீட்டுக்கென்று வண்டியேற்றி அனுப்பியிருந்தார். அவர் நட்டவை கிடுகிடுவென்று மேலே போயின. நாங்கள் நட்டவை மஞ்சளடித்து, குருத்து சுருங்கி, ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. அப்பா மறுபடி வாங்கி நட்டார். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். அவையும் பட்டுப்போயின. கீழே சுண்ணாம்புச் சுக்கான் பாறை கிடக்கிறது, வேர் இறங்க வழியில்லை என்று அப்பா சொன்னால் மாமாவிடம் பதில் தயாராக இருக்கும்.

"எங்க காட்டுலயுந்தா கெணறு வெட்டயில சுக்கான் வந்துச்சு. கவருமெண்டே ஒரே மண்ணுன்னு எழுதி வெச்சிருக்குது. மண்ணு ஒண்ணுதானுங்க மாப்ள. கைதான் வேற."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் கை என்பது சாதாரண விஷயம் இல்லை. யார் தோப்பு வைத்தாலும் முதல் பிள்ளையை நட்டுத்தர ஒரு கைராசிக்காரரைக் கூப்பிடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் மாமாவைக் கூப்பிடாத தோட்டம் இல்லை. அப்பாவை யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள்கூட எங்கள் வாசலைத் தாண்டிப் போய் மாமாவை அழைத்து வருவார்கள். அப்பா அந்த நேரம் பார்த்து மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருப்பார்.

எனக்கு இதில் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. தென்னம்பிள்ளைகள் எல்லாம் பட்டுப்போன அதே கையில்தானே நானும் வளர்கிறேன்? சளி பிடித்தால்கூட கண்ணாடியில் முகம் மஞ்சளடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

இப்படியிருக்கும்போதுதான் புது சர்வே வந்தது. வந்தவர் ஓர் இளம் பெண் அதிகாரி. சுடிதாரின் மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தே எல்லாக் காட்டையும் துளைத்துப் பார்த்தார். மாமா காட்டில் துளைக்கருவி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியதாம். எங்கள் காட்டில் முழங்கால் ஆழத்தில் நின்றுவிட்டது. இடம் மாற்றிப் பார்த்தார், அங்கேயும் நின்றது. மழைக் கணக்கையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். மேற்கே மலை இடைவெளியில் நுழைந்து வரும் சாரல் மாமா ஊரை நனைத்துவிட்டு, எங்கள் எல்லைக்கு வருவதற்குள் ஓய்ந்துவிடுகிறது என்று அதில் தெரிந்திருக்கிறது.

"இது வேற மண்ணோன்னு சந்தேகமா இருக்குதுங்க" என்றார் அப்பாவிடம். "குழி வெட்டி வெச்சீங்கன்னா எங்க பெரிய சார் கோயமுத்தூர்ல இருந்து வந்து பாத்துச் சொல்லுவார். வேறன்னு சொல்லிட்டா உங்க ஊர்ப் பேரே வெச்சுரலாம். ஆனா வெட்டுன சுவத்துல மட்டும் யாரும் கை வெக்கக் கூடாது. மண்ணு இருக்கறபடியே இருக்கோணும்."

குழி வெட்டினார்கள். கடப்பாரை முனை மழுங்கியது. சுவரில் கை வைக்கக் கூடாது என்று அப்பா ஆட்களிடம் சொன்னார், ஆடு மேய்ப்பவர்களிடம் சொன்னார், எனக்கும் சொன்னார். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. அம்மா எதற்குக் குழியில் இறங்கப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

பெரிய அதிகாரி வரும் அன்று விடிந்ததும் எங்கள் ஊரே காட்டில் இருந்தது. அவர் வரும்வரை யாரையும் அப்பா குழியோரம் விடவில்லை. மாமாவும் தன் ஊர்க்காரர்கள் சிலரோடு வந்துவிட்டார். ஊர்ப் பேர் போகப்போகிறதா இருக்கப்போகிறதா என்று அவர்களுக்கும் இருக்கும்தானே. ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி விறுவிறுவென்று குழியோரம் வந்தார், எட்டிப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். கூடவே வந்த இளம் அதிகாரியும் எட்டிப் பார்த்தார். அவர் முகம் அழுகிற முகமாகிவிட்டது.

குழியின் நாலு சுவரும் சாணி மெழுகிப் பச்சைப் பசேலென்று இருந்தன. தரையில் புள்ளிக்கோலம். போதாததற்கு, எங்கிருந்தோ செம்மண் கொண்டுவந்து கோலத்தைச் சுற்றிப் பட்டை கட்டியிருந்தது.

"யாருங்க இத மெழுகுனது?"

அம்மா பெருமையாக முன்னால் வந்தாள். "நாந்தானுங்க சார். பெரிய ஆப்பீசரு எறங்குற எடம், ஒரே புழுதியாக் கெடந்துச்சுங்க. வெடியறதுக்கு முன்னால வந்து மெழுகிப்போட்டேனுங்க."

மாமா ஒரு கணம் திகைத்துவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "பொறந்த ஊருப் பேரக் காப்பாத்திப்போட்ட அம்மணி!"

அப்பாவின் காது சிவந்திருந்தது. அம்மா யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் கோலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரி ஜீப் ஏறிப் போய்விடுவார், அப்பா இனி மாமா வீட்டுக்கே போகமாட்டார், தள்ளிப்போய்க்கொண்டே இருந்த என் காதுகுத்து யார் மடியில் நடக்கும் என்பது வரைக்கும் என் கவலை போய்விட்டிருந்தது.

ஆனால் அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டார். "நல்லாத்தான் மெழுகியிருக்கீங்கம்மா. ஒரு பக்கச் சுவத்த மட்டும் ஒரு சாண் உள்ள வெட்டித் தள்ளுனாப் போதும், புது மண்ணு வந்துரும். யாராச்சும் எறங்குங்க."

அப்பா மண்வெட்டியோடு இறங்கினார். அவசரத்தில் வெட்டு எதுவும் வாகாக விழவில்லை. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வேலை கோணலாக நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாத பிறவி அவர்.

"இப்படிக் குடுங்க மாப்ள. மம்புட்டி புடிக்கிற புடியா அது?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் குதித்தார். மேல் மண் பொலபொலவென்று வந்தது. அழகான வெட்டு, யாரும் குறை சொல்ல முடியாது. மேலிருந்து முழங்கால் ஆழத்துக்கு வந்ததும் ணங் என்று ஒரு சத்தம். மாமாவின் தோள்வரை அதிர்ந்தது. இன்னும் ஓங்கிப் போட்டார். ணங். மண்வெட்டி வாய் மடங்கிவிட்டது. சுற்றுவட்டாரத்துக்கே முதல் பிள்ளை நட்டுக்கொடுத்த கை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு மாமா குழிக்குள் நின்றார்.

"என்னங்க மாப்ள இது? இதுக்குள்ளயா நீங்க தென்னை வெச்சீங்க?"

"அதத்தான மச்சான் இத்தன வருசமாச் சொல்றேன்" என்றார் அப்பா.

மிச்சத்தைக் கடப்பாரையால் உடைத்தார்கள். அதிகாரி இறங்கி, கத்தி முனையால் சுவரைக் கொத்திக் கொத்திப் பார்த்தார். மேலே பழுப்பு மண், அதன் கீழே உப்புக்கல் சிதறியதுபோல வெள்ளைப் புள்ளிகள், அதற்கும் கீழே பாளம் பாளமாகச் சுக்கான். ஒரு சின்ன சீசாவிலிருந்து அமிலத்தைச் சொட்டுவிட்டார். கோலி சோடா உடைத்த மாதிரி மண் புஸ்ஸென்று பொங்கியது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். இளம் அதிகாரி நிறப் புத்தகத்தைப் பிடித்தார், மண்ணைப் பிசைந்து விரலிடையில் நாடாவாக நீட்டினார், மழைக் கணக்கை வாசித்தார். அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மேல அனுப்பி முடிவாகி வரோணும். ஆனா என்னக் கேட்டா, இது வேற மண்ணு. அந்த ஊரு மண்ணு இல்ல. உங்க ஊரு மண்ணு."

அப்போது கிளம்பிய சத்தத்தில் பக்கத்துக் காட்டு மயில்கள் எல்லாம் அகவின. அம்மாவைச் சுற்றிப் பெண்கள் கூடிக்கொண்டார்கள். அவள் மெழுகியதால்தான் அவள் அண்ணனே குழிக்குள் இறங்கினார் என்று, கொஞ்ச நேரத்துக்கு முன் தலையில் அடித்துக்கொண்டவர்களே இப்போது மெச்சினார்கள். நான் குதித்த குதியில் குழிக்குள் விழப் பார்த்தேன்.

பிறகு அதிகாரி எழுதியதை எல்லோருக்கும் கேட்க வாசித்தார். வேர் இறங்க ஆழம் குறைவு. சுண்ணாம்பு மிகுதி. மழை குறைவு. வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்தே கிடக்கும் மண். ஒவ்வொரு வரிக்கும் ஊரே கைதட்டியது. நானும் முதலில் தட்டினேன். போகப்போக எனக்குக் கை ஓய்ந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான், ஆனால் ஃபெயில் என்றால் என்னவென்று அந்த வயதிலேயே தெரியும். வாசிப்பது அத்தனையும் எங்கள் காட்டின் குறை அல்லவா?

"தென்னைக்கு ஆகாதுங்க" என்று முடித்தார் அதிகாரி.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். "சார், அந்தத் தென்னை விசயம் மட்டும் இன்னொருக்காச் சொல்லுங்க சார்."

"ஆகாதுங்க. எத்தன தண்ணி விட்டாலும் சரி, யாரு வெச்சாலும் சரி, இதுல வராது."

"யாரு வெச்சாலுமுங்களா?"

"யாரு வெச்சாலும்."

அப்பா மாமா பக்கம் திரும்பினார். "மச்சான், காதுல உழுந்துச்சுங்களா?"

மாமா உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, "நல்லாவே உழுந்துச்சுங்க மாப்ள. என்ற வாய்தான் கொஞ்சம் நீளமாப் போயிருச்சு" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அப்பா விடவில்லை. பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். அதிகாரியும் சிரித்துக்கொண்டே சொன்னார். மழை குறைவு என்ற வரியையும் மறுபடி வாசிக்கச் சொன்னார். எனக்கு மானமே போனது. சொந்தக் காடு எதற்கும் லாயக்கில்லை என்று ஊர்க்கூட்டத்தில் சொல்கிறார்கள், இவர் ஜெயித்த மாதிரி சிரிக்கிறார். அவருக்கு விவரம் புரியவில்லை என்றே முடிவு கட்டினேன். கூட்டத்துக்குள் புகுந்து போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "போதுங்கப்பா, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

அவர் என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, குழியோரத்து மண்மேட்டில் எல்லோருக்கும் மேலாக நிறுத்தி, "சார், யாரு வெச்சாலும் வராதுங்கறத எம் புள்ளைக்கும் ஒருக்காச் சொல்லிருங்க" என்றார்.