சிவந்த கல்லில் ஏறிய கரண்டு

வடக்கனந்தல் காசிநாதன் கரும்பு வெட்டி வளர்ந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு பட்டறையில் சேர்ந்து, கரண்டில் எரியும் உலைக்கு உள்சுவர் கட்டப் பழகிக்கொண்டான். எந்தச் சூட்டுக்கும் உருகாத வெள்ளைக்கல்லை அடுக்கி, அதில் காடி வெட்டி, கரண்டு ஓடிப் பழுக்கும் சுருள்கம்பியான காயிலைப் பதிக்க வேண்டும். கட்டி முடித்ததும் காயிலில் கரண்டை விட்டு, கல்லில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பான். டெஸ்டர் விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை.

தங்கை பெரியநாயகியின் புருஷன் சின்னராசுவை அவன்தான் அங்கே சேர்த்துவிட்டான். முதல் நாளே சொல்லியும் வைத்தான்.

"காயில்ல கம்பி படாம பாத்துக்க மாப்ள. கல்லுல பட்டா ஒண்ணும் ஆவாது."

"கல்லு மேல இருக்கிற நம்பிக்க என் மேல இல்ல பாரு மச்சான்" என்று சிரித்தான் சின்னராசு.

உலைக்குள் உதிரும் இரும்புச் செதிலை நீளக் கம்பியால் இழுத்துத் தள்ளுவது அவன் வேலை. சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தள்ள வேண்டும். அணைத்தால் சூடு இறங்கிவிடும் என்று அந்தப் பட்டறையில் யாரும் அணைப்பதில்லை.

அன்றைக்கு உள்ளே காய்ச்சியது பெரிய இரும்புப் பல்சக்கரம். வழக்கத்தைவிடச் சூடு ஏற்றியதில் கல்லே சிவந்து கிடந்தது. வியர்வையில் நனைந்த கையோடு சின்னராசு கம்பியை உலைக்குள் விட்டான். கத்தக்கூட இல்லை, அப்படியே செத்துச் சாய்ந்தான்.

உலை ஆறிய பிறகு எலக்ட்ரீசியன் இளஞ்செழியன் வந்து, சுவிட்சைப் போட்டுக் கல்லில் டெஸ்டரை வைத்தான். எரியவில்லை. "காயில்ல இடிச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனான். கருணாபுரத்தில், சின்னராசுவின் தெருவிலேயே, சரக்கு போட்டுவிட்டு வேலைக்குப் போனான் என்று பேச்சுக் கிளம்பியது.

"அவுரு அத மோந்து கூடப் பாத்ததில்லண்ணா" என்று அழுதாள் பெரியநாயகி. "நீ பக்கத்துலதான இருந்த? கம்பி எதுல பட்டுது?"

கல்லில்தான் பட்டது. கண்ணால் பார்த்தவன். ஆனாலும் கல்லில் கரண்டு வராதே. சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினான்.

அடுத்த முறை உலை சிவந்தபோது இளஞ்செழியனைக் கூப்பிட்டான். காய்ந்த பலகை மேல் கம்பியைக் கிடத்தி, அதன் முனையைக் கல்லில் மட்டும் முட்டவிட்டார்கள். இந்தப் பக்க முனையில் டெஸ்டரை வைத்ததும் பளிச்சென்று எரிந்தது.

"கல்லு பழுத்தா கரண்டு வுடும்ண்ணா. ஆறினப்புறம் பாத்துட்டுப் பேசினது என் தப்பு" என்றான் இளஞ்செழியன்.

நேரே கருணாபுரம் போனான் காசிநாதன்.

"உன் வூட்டுக்காரரு மேல தப்பில்லம்மா. சூட்டுல கல்லே கரண்டு வாங்கிக்கிச்சு."

பெரியநாயகி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு நிமிர்ந்தாள். "கல்லுல பட்டா ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிக்கினு இருப்பாரு. யாருண்ணா அவருக்கு அத சொன்னது?"

"நாந்தாம்மா."

அவள் ஏசவில்லை. "இந்தத் தெருவுல வூடு வூடாப் போயி அவுரு குடிக்கலன்னு சொல்லு. அப்பறம் கொஞ்ச நாளைக்கு இங்க வராத."

காசிநாதன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். சின்னராசு செத்த விதத்தைச் சொன்னான். கல்லை நம்பச் சொன்னது யார் என்பதையும், யாரும் கேட்காமலே, ஒவ்வொரு வாசலிலும் சொன்னான்.