இடது பக்கத்துப் பொத்தான்

போன ஆடி மாதம் ஒரு புதன்கிழமை காலையில், கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டிக்காக நானும் என் மகளும் நின்றுகொண்டிருந்தோம். அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. என் தோள்பையில் எக்ஸ்ரே உறை, மருந்துச் சீட்டுகள், தண்ணீர், ஒரு டப்பாவில் இட்லி, இட்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கொடுக்க பிஸ்கட். அவள் கழுத்தில் ஒரு பழைய கையடக்க வீடியோ கேம் கயிற்றில் தொங்கியது. அவளுடைய இடது கைக்கு அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று அன்று மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

அதற்கு மூன்று மாதம் முன்பு தேவனாம்பட்டினம் கடற்கரையில் சறுக்குமரத்திலிருந்து விழுந்து, இடது முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. ஆனால் மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் கையில் ஆட்காட்டி விரலின் நுனியும் கட்டைவிரலின் நுனியும் மடங்கவில்லை. நரம்பு நசுங்கியிருக்கும், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், காத்திருப்போம் என்றார் சிதம்பரத்து எலும்பு மருத்துவர். ஒவ்வொரு முறை போகும்போதும் "வட்டம் போட்டுக் காட்டு" என்பார். இரண்டு விரல் நுனியும் சேர்ந்து உருண்டையாக வட்டம் வர வேண்டும். இவளுக்கு வாத்து மூக்கு மாதிரித் தட்டையாகத்தான் வரும். கடைசியாகப் போனபோது, "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா நரம்பு டெஸ்ட் எடுத்துட்டு, திறந்து பாக்குற மாதிரி இருக்கும்மா" என்று சொல்லியனுப்பினார். திறந்து என்ற அந்தச் சொல் நாலு வாரமாக என்னைத் தூங்க விடவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மகள் பிறவியிலேயே இடது கைக்காரி. நான் எம்.எஸ்ஸி. படித்தவள். இடது கைப் பழக்கம் ஒரு குறையே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடையில் இடது கையை நீட்டினால் கடைக்காரர் வாங்காமல் அப்படியே நிற்பார். பந்தியில் இடது கையால் அப்பளத்தை எடுத்தால் நாலு பேர் அவளைப் பார்க்க மாட்டார்கள், என்னைத்தான் பார்ப்பார்கள். அதனால் "நொட்டாங்கையால குடுக்காதம்மா, சோத்துக்கைய நீட்டு" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேனோ. மாவுக்கட்டுப் போட்ட அன்று, ஒரு நிமிடம், 'சரி, இந்தச் சாக்கில் எழுத்தாவது வலது கைக்கு மாறும்' என்றுகூட நினைத்தேன். இதை என் கணவரிடம் சொன்னதில்லை. முதல்முறையாக இங்கேதான் எழுதுகிறேன்.

அந்த கேம், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் பழைய சாமான் கடையில் பிடித்துக் கொண்டுவந்தது. ஓடிக் குதித்துத் தாண்டிப் போகிற விளையாட்டுத் தொடர் ஒன்று உலகம் பூராவும் பிரபலம் அல்லவா, அதன் நாயகனையே இதில் பந்தாக உருட்டி ஒரு சாய்வான மேசையில் விட்டிருப்பார்கள். பந்து கீழே வரும்போது, அடியில் இரண்டு பக்கமும் இருக்கிற சின்னத் துடுப்புகளால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். கருவியின் மேல் விளிம்பில் இடது ஓரத்துப் பொத்தான் இடது துடுப்புக்கு, வலது ஓரத்துப் பொத்தான் வலது துடுப்புக்கு. மூன்று மணிகளை அடித்தால் ஒரு கதவு திறக்கும். உள்ளே ஒரு ராட்சத நண்டு. அதை ஒன்பது தடவை அடித்தால் கோட்டை நம்முடையது. திரைக்குள் விளக்கு கிடையாது, ஆகவே ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் ஆட முடியும். பேட்டரி இரண்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பென்சில் பேட்டரி.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அதனால் விரல் பயிற்சி முழுவதும் முடித்தால் கால் மணி நேரம் கேம் என்று விதி வைத்தேன். பயிற்சியும் நான்தான் செய்துவிடுவேன். அவள் விரலைப் பிடித்துப் பத்து முறை மடக்கி, பத்து முறை நீட்டி, நாள்காட்டியில் ஒரு டிக் போடுவேன். அப்புறம் இருவரும் கேம் ஆடுவோம். விரல் மடங்காத குழந்தை பாவம் என்று இடது பொத்தானை நான் அழுத்துவேன், வலது பொத்தானை அவள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள். நண்டு வரைக்கும்கூடப் போயிருக்கிறோம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று என் கணவருக்குக் குடிகாட்டுப் பக்கத்துத் தொழிற்சாலையில் காலை ஷிப்டு. அதனால் நாங்கள் இருவர் மட்டும். வந்த வண்டியில் உட்கார இடமில்லை. மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில், கறுப்புப் புர்க்கா போட்ட ஒரு பெண் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம்.

"தங்கச்சி, புள்ளைய இப்படி உடுங்க. பையையும் குடுங்க, மடியில வச்சிக்கறேன்."

பேருந்தில் நிற்பவர்களின் பையையும் பிள்ளையையும் உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம்தான். ஆனாலும் நான் யோசித்தேன். கொடுக்கலாமா, கையை யாராவது இடித்துவிட்டால் என்ன செய்வது, பையில் எக்ஸ்ரே இருக்கிறதே. கடைசியில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பையை வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஆலப்பாக்கத்தில் ஏறிய கூட்டம் என்னை இரண்டு வரிசை பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஜன்னல் வெளிச்சம் கிடைத்ததும் மகள் கேமை எடுத்துவிட்டாள். கொஞ்ச தூரத்தில் சாலை வேலைக்காக வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார்கள். அப்போதுதான் அவர்கள் பேச்சு எனக்குக் கேட்டது.

"உருண்டு ஓடுறது யாரு புள்ள?"

"அவன்தான் ஹீரோ. வேற கேம்ல குதிச்சி குதிச்சி ஓடுவான் ஆன்ட்டி. இதுல பந்தாயிட்டான்."

"ஐய, பாவம். நல்லா இருந்தவன யாரு பந்தாக்குனது?"

"தெரியல. கேம் செஞ்சவங்க."

டிங் டிங் என்று சத்தம் வந்தது, அப்புறம் பந்து விழுகிற இறங்குமுகச் சத்தம். திரும்பவும் அதே சத்தம். மூன்றாவது முறை விழுந்ததும் அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"என்னா புள்ள, அந்தப் பக்கமாவே உழுவுது? அந்தக் கட்டைய தட்டக் கூடாதா?"

"அது அம்மா பொத்தான்."

"அம்மா பொத்தானா? உங்கம்மா அங்க கம்பியில தொங்குறாங்க. நீயே அடி. இன்னொரு கை சும்மாதான இருக்கு."

என் மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனாலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "நொட்டாங்கையால எதுவும் பண்ணக் கூடாது ஆன்ட்டி. அம்மாவுக்குப் புடிக்காது. அதான் ஒடஞ்சிச்சு."

இத்தனை நாளும் அவள் விரலை நான் பிடித்து மடக்கினேனே தவிர, நீயாக மடக்கு என்று ஒரு தடவைகூடச் சொன்னதாக நினைவில்லை. நான் சொன்னதெல்லாம் அதற்கு நேர்மாறு. அவள் அந்தக் கையை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தது வலியினால் மட்டுமில்லை.

பக்கத்தில் போக வழியில்லை. அங்கிருந்தே கத்தினேன். "அடிம்மா. அந்தக் கையாலயே அடி. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பேருந்து மொத்தமும் திரும்பியது. பின்னால் ஒருவர், "யாருய்யா இது, காலையிலயே யார அடிக்க சொல்றாங்க" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. மகள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இன்னும் பார்த்தாள். இன்னும் பலமாக ஆட்டினேன்.

இடது ஆட்காட்டி விரலைப் பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்தாள். வண்டி கிளம்பிவிட்டது. முதல் பந்து போச்சு. இரண்டாவதும் போச்சு. மூன்றாவது பந்து இடது பக்கம் சறுக்கி வந்தபோது 'டப்' என்று துடுப்பு எழுந்தது. பந்து மேலே பறந்து ஒரு மணியில் மோதியது.

"அடிச்சிட்டா" என்றார் அந்தப் பெண், பேருந்துக்கே செய்தி சொல்கிற மாதிரி. "தங்கச்சி, புள்ள அடிச்சிட்டா."

எனக்கு உடனே சந்தேகம். வண்டி குலுங்கியதில் பட்டிருக்குமோ, நடுவிரலாக இருக்குமோ என்று எம்பி எம்பிப் பார்த்தேன். முன்னால் நின்ற கல்லூரிப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு இடம்விட்டு ஒதுங்கினாள். பக்கத்தில் போய் நின்றேன். இப்போது எட்டினால் பொத்தானை நானே அழுத்தலாம். கை தானாகப் போனது. அதைப் பின்னுக்கு இழுத்து, பையைக் கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது மணி. மூன்றாவது மணி. கதவு திறந்தது. நண்டு வந்தது. நண்டு வலது மூலையில் நிற்கும், அதை அடிக்க இடது துடுப்பால்தான் முடியும். அந்தப் பெண் ஒவ்வோர் அடிக்கும் எண்ண ஆரம்பித்தார். முன்சீட்டுப் பெரியவரும் திரும்பி உட்கார்ந்து எண்ணினார். ஐந்து, ஆறு. அந்த நேரம் பார்த்து நடத்துநர், "பி.முட்லூர் எறங்கறவங்க வாங்க, பரங்கிப்பேட்டை போறவங்கல்லாம் எறங்கு" என்று விசில் ஊதினார். இறங்க வேண்டியவர் அந்தப் பெண்தான்.

"நா அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறேன் தம்பி. பந்து இன்னும் உசுரோட இருக்கு."

"பந்துக்கு டிக்கெட் எடுத்தீங்களாக்கா" என்றார் நடத்துநர். ஆனால் வண்டி கிளம்ப விசில் ஊதிவிட்டு அவரும் எட்டிப் பார்த்தார்.

ஏழு. எட்டு. பந்து நேராக நடுவில் இறங்கியது, போச்சு என்று நினைத்தேன். இடது துடுப்பின் நுனியில் லேசாகப் பட்டு, சாய்ந்து, மெதுவாக ஏறி, நண்டின் கொடுக்கில் மோதியது. ஒன்பது. கோட்டைக் கொடி ஏறியது. மகள் கத்திய கத்தலில் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "மாஷா அல்லாஹ், ஒழிஞ்சான் நண்டு" என்று அந்தப் பெண் அவள் உச்சியில் முத்தம் கொடுத்து, என் கையில் ஒப்படைத்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். வந்த வழியே திரும்பிப் போக எதிர்ப்பக்கம் சாலையைக் கடந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

மருத்துவர் அறையில் எல்லாம் தலைகீழானது. எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு "வட்டம் போடு பாப்பா" என்றார். இவள் விறைத்துப்போய் நின்றாள். அதே வாத்து மூக்கு. "பஸ்ஸுல மடக்கினா டாக்டர், நண்டையே அடிச்சா" என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார், ஆனால் எத்தனை அம்மாக்கள் இப்படிச் சொல்லிப் பார்த்திருப்பாரோ. "நான் பாக்கணும்மா" என்றார். கேமை எடுத்து சுவிட்சைத் தள்ளினேன். திரை வெறுமையாக இருந்தது. நண்டுப் போரில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

"அஞ்சு நிமிஷம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். மேலவீதியில் செருப்பு வாரறுந்தது. கையில் எடுத்துக்கொண்டேன். முதல் கடையில் இல்லை, இரண்டாவது ரிமோட்டுக்குப் போடுகிற பொடி பேட்டரி வைத்திருந்தது, மூன்றாவதில் கிடைத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நாலாக வாங்கினேன். மூச்சிரைக்க வந்து பேட்டரியைப் போட்டால், அறையில் வெளிச்சம் போதவில்லை. மருத்துவரே அவளை எக்ஸ்ரே தொங்கிய விளக்குப் பெட்டிக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, அந்த வெள்ளை வெளிச்சம் திரையில் விழும்படி கேமைப் பிடிக்கச் சொன்னார். உடைந்து கூடிய எலும்பு பின்னால், பந்து முன்னால். அவள் என்னைப் பார்த்தாள். "அது உன் பொத்தான்தான்" என்றேன்.

அவர் அவளுடைய விரலின் நடுக்கணுவை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். நுனி மட்டும் மடங்கினால்தான் கணக்கு. பந்து இறங்கியது. நுனி லேசாக, கொக்கி மாதிரி வளைந்தது. டப். இன்னொரு முறை, டப். "மடங்குது" என்றார் அவர். அதற்குப் பிறகும் கையை எடுக்கவில்லை. "லெஃப்ட், லெஃப்ட்... அடடா, உட்டுட்டியேம்மா" என்று ஒரு பந்து முழுக்க அவரும் கூடவே ஆடினார்.

நரம்பு திரும்ப ஆரம்பித்துவிட்டது, திறக்கிற பேச்சை இப்போதைக்கு விட்டுவிடலாம், நாலு வாரம் கழித்து வாருங்கள் என்றார். கிளம்பும்போது மறுபடி வட்டம் போடச் சொன்னார். வட்டம் வரவில்லை. கோழி முட்டை மாதிரி ஒன்று வந்தது. அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஷிப்டு முடிந்து அவள் அப்பா அழைத்தபோது, விரலைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள் போனைப் பிடுங்கி "அப்பா, நண்டு காலி" என்றாள். அவர் ஐந்து நிமிடம் ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது வட்டம் வட்டமாகவே வருகிறது. எழுதுவதும் இடது கையால்தான். கடையில் அந்தக் கையை நீட்டும்போது பழக்க தோஷத்தில் என் வாய் பாதி திறக்கும், மூடிக்கொள்வேன். கடைக்காரர் என்னைப் பார்ப்பார், நான் வாழைத்தாரைப் பார்ப்பேன். அவள் தானாகச் செய்யக்கூடிய எதையாவது அவளுக்காக நான் செய்யக் கிளம்பும்போதெல்லாம் அந்த மூன்றாவது வரிசை ஜன்னல் ஞாபகத்துக்கு வந்து நின்றுவிடுகிறேன். அன்று எனக்கும் உட்கார ஓர் இடம் கிடைத்திருந்தால், சிதம்பரம் வரைக்கும் அந்த இடது பொத்தானை நானேதான் அழுத்திக்கொண்டு போயிருப்பேன்.