பழக்காரரை எழுப்பிவிட்டு நடத்திய பழக் கூட்டம்

இன்று காலை கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலகம் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தது. பழமும் மரக்கறியும் நிறையச் சாப்பிடுங்கள் என்று சனங்களுக்குச் சொல்லும் கூட்டம்.

அங்கே நிழல் இருந்த ஒரே இடத்தில் எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் அன்வர் காக்காவின் வண்டி நின்றது. அன்னாசியும் மாங்காயும் வெட்டி, உப்பும் மிளகாய்த் தூளும் போட்டு விற்பவர். கூட்டத்துக்காக அவரை அங்கிருந்து எழுப்பும் வேலை என் தலையில் விழுந்தது.

“காக்கா, ரெண்டு மணித்தியாலம் அங்கால தள்ளி நிப்பாட்டுவீங்களா? கூட்டம் ஒண்டு இரிக்கி.”

“என்ன கூட்டம் தம்பி?”

சொன்னேன்.

நாங்கள் கட்டிக்கொண்டிருந்த பதாகையைப் பார்த்தார். “பழம் தின்னச் சொல்லத்தானே வந்திரிக்கீங்க? அதுக்குப் பழக்காரனயா எழும்பச் சொல்றீங்க?”

அவர் சிரித்தபடியே வண்டியை வெயிலுக்குள் தள்ளினார். வெட்கத்தில் நானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன்.

எண்ணெய்ப் பலகாரத்தின் கேடுகளைப் பற்றி எங்கள் மேலதிகாரி அருமையாகப் பேசினார். முடிந்ததும் ஆளுக்கொரு சிற்றுண்டிப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே எண்ணெயில் பொரித்த ரோல்ஸ், பெட்டிஸ், ஒரு துண்டு கேக்.

எனக்கு மனம் கேட்கவில்லை. பெட்டியோடு காக்காவிடம் போய் அன்னாசி கேட்டேன்.

“வெட்டி வச்சதெல்லாம் வெயில்ல புளிச்சிட்டு தம்பி. உங்களுக்குத் தர மனமில்ல. இண்டைக்கு ரோல்ஸயே சாப்பிடுங்க.”

அடுத்த மாதம் மீன் சாப்பிடச் சொல்லும் கூட்டமாம். மீன்காரர்களை எங்கே தள்ளி வைக்கலாம் என்று யாராவது சொல்லுங்கள்.