கதவும் பாலமும் கொப்புளமும்

எங்கட சங்கத் தேர்தலில் பேனா பாவிக்கக்கூடாது என்று முடிவெடுத்தோம். எண்பத்தாறில் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் நாங்கள் தமிழர் முப்பத்தைந்து பேர்தான். புள்ளடியைப் பார்த்தே ஆர் போட்டதென்று சொல்லிவிடுவார்கள். பேருக்கு நேரே இருக்கிற வட்டத்தில் ஓட்டை குத்தினால் அந்தக் கரைச்சல் இல்லை. நான் வேலை செய்த பின்னல் தொழிற்சாலையில், துணியில் கோலம் விழுத்துகிற அட்டைகளுக்கு ஓட்டை போடுகிற குறட்டை, போர்மனிடம் கேட்டு நான்தான் கொண்டுவந்தேன். கொண்டுவந்ததிலிருந்து ஒரே பயம். குறடு துலைந்தால்?

தலைவர் பதவிக்கு இரண்டு பேர். ஒருவர் தாடிக்காரர். மற்றவர் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். கொம்யூனிலிருந்து, அதுதான் நகரசபையிலிருந்து, டெனிஷில் கடிதம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. அண்ணைதான் வாசித்து, "பயப்பிடாதை, தண்ணி மீற்றர் பாக்க வருகினமாம்" என்பார். அவர் தலைவரானால் பின்னேரம் பின்னேரம் கூட்டம். பிறகு என்ர கடிதத்தை ஆர் வாசிக்கிறது?

திரைக்குப் பின்னால் போய், தாடிக்காரரின் வட்டத்தில் குறட்டை வைத்தேன். கை பாதியில் நின்றுவிட்டது. திரும்ப அமத்தவும் பயம். தொழிற்சாலையில் ஒரே இடத்தில் இரண்டு தரம் அமத்தினால் ஓட்டை பெருத்துக் கோலம் கெட்டுவிடும், போர்மன் கத்துவார். அப்படியே மடித்துப் பெட்டிக்குள் போட்டேன்.

ஊரில் தபாலதிபராக இருந்த ஐயா எண்ணினார். பார்த்தால் கனக்கத் துண்டுகளில் ஓட்டை சரியாக விழவில்லை. வெட்டின பொட்டு ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு ஆடினதுக்குப் பின்வரிசைக்காரர் 'கதவு' என்று பேர் வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒட்டினது 'பாலம்'. கிழியாமல் புடைத்து மட்டும் நின்றது 'கொப்புளம்'.

"கதவு திறக்குது, செல்லும்," என்றார் ஐயா.

"அப்ப பாலம்?"

"வெளிச்சம் தெரிஞ்சாச் செல்லும்."

எண்ணி முடியப் பதினேழுக்குப் பதினேழு. மிச்சம் ஒரேயொரு கொப்புளம், தாடிக்காரரின் வட்டத்தில். அது என்ர துண்டு.

"கொப்புளம் உடையேல்லை ஐயா, செல்லாது!" என்றார்கள் அண்ணையின் ஆட்கள்.

"சும்மா வருமோ கொப்புளம்? சுட்டபடியால்தானே வந்தது!" என்றது தாடிக்காரர் பக்கம்.

அண்ணை அந்தத் துண்டை வாங்கி யன்னலடியில் பிடித்தார். பெருவிரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். அவரும் அதே தொழிற்சாலைதான். நான் பாதியில் விட்ட அட்டைகளைத் தினமும் பொறுக்கி எறிகிறவர்.

"ஐயா, போட்டவர் மனசறிஞ்சுதான் போட்டிருக்கிறார். பயத்தில கை நிண்டுபோச்சு, அவ்வளவுதான். இவருக்கே செல்லட்டும்," என்று சொல்லித் தாடிக்காரருக்குக் கை கொடுத்தார். ஒரு வாக்கால் தோற்றார்.

அண்ணையோடு வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது சனிக்கிழமை வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. நான் நிமிரவேயில்லை.

"ஏனடா எனக்குப் போடேல்லை?" என்றார்.

கடிதக் கதையைச் சொன்னேன். நடுறோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விசரா! உன்ர கடிதத்தைக் கூட்டத்தில வைச்சே வாசிச்சிருப்பன். தீர்மானமும் நிறைவேத்தியிருப்பன்."

வீட்டுக் கதவடியில் ஒரு கடிதம் கிடந்தது. கொம்யூன்தான். அண்ணை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"முதல்ல தேத்தண்ணி போடு. கோப்பை நிறைய ஊத்து, பாதியில நிப்பாட்டாதை."

குடித்து முடித்த பிறகுதான் கடிதத்தை உடைத்தார். குப்பை எடுக்கிற நாளை மாற்றிவிட்டார்களாம்.