அந்த முகம் சொன்னதும் எஸ்தர் சொன்னதும்

கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டுக்கொண்டிருந்தபோது தானியேலின் அழைப்பு வந்தது. தானியேல், எஸ்தரின் தம்பி. எனக்கு இடது காது கேட்காது என்பதால் பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போனை வலது காதில் வைத்தேன். "அக்கா போய்ட்டாங்கம்மா. விடியக்காலையில. தூக்கத்துலயே" என்றார். சாயங்காலம் அடக்கம் என்றும் சொன்னார். "சரிப்பா, வரேன்" என்றேன். பிறகு கீரைக்காரம்மாவிடம் இன்னொரு கட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஆய்ந்து முடித்த பிறகுதான், தனியாக இருப்பவளுக்கு எதற்கு இரண்டு கட்டு என்று தோன்றியது.

இதை எழுதச் சொன்னவர்கள் எங்கள் பள்ளியின் பழைய மாணவிகள். "எஸ்தர் மிஸ்ஸப் பத்தி உங்கள விட்டா யாரு மிஸ் எழுத முடியும்?" என்று கேட்டார்கள். உண்மைதான். ஆரணியில் அவரை என்னைவிட நெருங்கி அறிந்தவர்கள் இல்லை. அவர் ஆங்கிலம், நான் தமிழ். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி. என்னைக் கடைசிவரை 'தமிழம்மா' என்றே கூப்பிட்டார். அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டுமென்றால் நீங்கள் வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டதால், நடந்ததை எழுதுகிறேன்.

எஸ்தருக்குப் பழைய ஹாலிவுட் படங்கள் என்றால் உயிர். வண்ணம் வந்த பிறகு நடிப்பு போய்விட்டது என்பது அவர் கட்சி. அவருடைய அப்பா பள்ளி வாத்தியார். மகளை வேலூருக்குக் கூட்டிப்போய்க் காலைக்காட்சி ஆங்கிலப் படங்களைக் காட்டி வளர்த்தவர். பின்னாளில் சென்னையில் வேலை பார்த்த தானியேல், ஊருக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்குப் பழைய படங்களின் சிடிக்களை வாங்கி வருவார். சனிக்கிழமை மதியம் எஸ்தரின் முன்னறை ஜன்னல்களில் போர்வை தொங்கும். நாங்கள் சில பெண்கள் கூடிவிடுவோம். பக்கத்து வீட்டு மல்லிகா தறியை நிறுத்திவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து முதல் ஆளாக உட்கார்ந்திருப்பாள். அந்தப் படங்களில் பேசுவது எங்களில் யாருக்கும் புரியாது. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். ஆனால் அந்த நடிகர்கள் பேசும் வேகம் பிடிபடாது. அந்த சிடிக்களில் கீழே எழுத்தும் ஓடாது. எஸ்தர்தான் டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் உடனுக்குடன் தமிழில் சொல்வார்.

நடிகர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். எப்போதும் தொப்பியோடு வந்து உதடு அசையாமல் பேசுபவர் 'தொப்பிக்காரர்'. மெலிந்து உயர்ந்து, கதவில் குனிந்து நுழைபவர் 'நெட்டை ஐயா'. ஒற்றைப் புருவத்தை உயர்த்தியே எதிராளியை உட்கார வைத்துவிடும் நடிகை 'புருவக்காரி'. புருவக்காரி மேல் எங்கள் எல்லோருக்கும் ஒரு பயம் கலந்த காதல் இருந்தது. "அவ வந்து நின்னா போதும் மிஸ், எனக்கே முதுகு நிமிந்துக்குது" என்பாள் மல்லிகா.

ஒரு காட்சியை என்னால் மறக்க முடியாது. நெட்டை ஐயாவுக்குத் தொலைபேசி வருகிறது. ஊரில் அவருடைய தம்பி இறந்துவிட்டான். அவர் எதுவும் சொல்லவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, தொலைபேசி இருந்த மேசையைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பிக்கிறார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்கிறார். மனைவி உள்ளேயிருந்து யார் என்று கேட்கிறாள். "ராங் நம்பர்" என்கிறார். எஸ்தர் படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டார். "மூஞ்சியப் பாக்காதீங்க தமிழம்மா, கையப் பாருங்க. அழத் தெரிஞ்சவன் நடிகன் இல்ல. அழுகைய அடக்கத் தெரிஞ்சவன்தான் நடிகன்." அன்றிலிருந்து சினிமாவில் மட்டுமில்லை, பஸ்ஸிலும் கல்யாணத்திலும்கூட நான் மனிதர்களின் கைகளைப் பார்க்கத் தொடங்கினேன். இன்னொன்றும் சொல்வார்: "பேசறது ஈஸி. எதிர்ல இருக்கறவங்க பேசறதக் கேக்கறாங்க பாருங்க, அங்கதான் நடிப்பு தெரியும்."

வகுப்பிலும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குப் பாடத்தில் ஒரு நாடகப் பகுதி வந்தால், டஸ்டரை விசிறியாகப் பிடித்துக்கொண்டு புருவக்காரியாகவே மாறிவிடுவார். உங்களில் பலர் அதைப் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்து வகுப்பில் நான் இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகளின் காது முழுக்க அந்தப் பக்கம் இருக்கும்.

இனி நான் எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

என் கணவர் பட்டுப் புடவை வியாபாரி. வெளியில் மரியாதையான மனிதர். வீட்டில் சந்தேகமும் அடியும். பள்ளியிலிருந்து வரத் தாமதமானால் கதவு திறக்காது; திறந்தால் கை நீளும். ஒருநாள் என் மகளைத் தூக்கிக்கொண்டு, மாற்றுப் புடவை ஒன்றோடு எஸ்தரின் வீட்டுக்கு வந்துவிட்டேன். எஸ்தர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "உள்ள வாங்க. குழந்தைக்குப் பால் காய்ச்சறேன்" என்றார். கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். வேலூரில் இருந்த என் அக்கா அங்கே ஒரு பள்ளியில் எனக்கு வேலைக்குப் பேசிவிட்டு, வீடும் பார்த்து வைத்திருந்தாள். போவதா, திரும்புவதா என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். எஸ்தரைக் கேட்டேன். "அவசரப்படாதீங்க" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை எஸ்தர் போட்டது புருவக்காரியின் படம். ஒரு டாக்டரின் மனைவி அவள். கணவனின் கொடுமை தாங்காமல் வெளியேறி, கடலோர ஊரில் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் செய்து பிழைக்கிறாள். கடைசிக் காட்சியில் கணவன் தேடி வருகிறான். கையில் பெட்டி. அவளுடைய துணிமணிகளையெல்லாம் கொண்டு வந்திருக்கிறான். மண்டியிடுகிறான், அழுகிறான். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நின்று, மெதுவாக, நீளமாக ஏதோ பேசுகிறாள். பெட்டியைக் காட்டுகிறாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான். அவள் வாசலில் நிற்கிறாள். அவள் முகத்தோடு படம் முடிகிறது.

எஸ்தர் சொன்னார்: "'நானும் தப்பு பண்ணிட்டேன். பொட்டிய எடுத்துகினு நீங்க முன்னாடி போங்க, பின்னாலயே நான் வரேன்'னு சொல்றா."

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எஸ்தர், அவ மூஞ்சியப் பாத்தா கூடப் போறவ மாதிரி இல்லையே" என்றேன்.

"அதுதான் நடிப்பு தமிழம்மா. சந்தோஷத்த உள்ளயே வச்சிகினு நிக்கறா" என்றார்.

நான் நம்பினேன். யாருக்கும் பயந்து வாழாத புருவக்காரியே திரும்பிப் போகிறாள் என்றால், அதில் அவமானம் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரம் மகளோடு திரும்பிப் போனேன். எஸ்தர் தெருமுனைவரை வந்தார்.

கொஞ்ச நாள் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பழையபடி. அந்த மழைக்காலத்தில் கன்னத்தில் விழுந்த ஓர் அறையில் இடது காது போயிற்று. வேலூர் ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தவர் எஸ்தர்தான். டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டபோது, "வழுக்கி விழுந்துட்டேன்" என்றேன். எஸ்தர் குனிந்துகொண்டார். திரும்பி வரும் வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தார். அதன் பிறகு சனிக்கிழமைப் படங்களை நிறுத்திவிட்டார். டிவி ரிப்பேர் என்றார். யாரும் துருவிக் கேட்கவில்லை.

கணவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. என் மகள் சென்னையில் இருக்கிறாள். அம்மா தனியாக இருக்கிறாளே என்று சென்ற ஆண்டு பெரிய டிவி ஒன்று வாங்கி, இணைய வசதியும் செய்து கொடுத்தாள். "காது கேக்கலன்னா என்னம்மா, எழுத்து ஓடும், படிச்சிக்கோ" என்றாள். நான் முதலில் தேடியது எங்கள் பழைய படங்களைத்தான். தொப்பிக்காரரைப் பார்த்தேன். நெட்டை ஐயா மேசையைத் துடைப்பதைப் பார்த்து அழுதேன். ஒரு மத்தியானம் புருவக்காரியின் அந்தப் படம் கிடைத்தது.

கடைசிக் காட்சியில் எழுத்து ஓடியது. அவள் சொன்னது இதுதான்: உன் கண்ணீரை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அது காய்வதற்குள் உன் கை ஓங்கும். இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போ. அதில் இருப்பது எதுவும் என்னுடையது இல்லை. இந்த வாசலுக்கு இனி வராதே.

நான் நிறுத்தி, மறுபடியும் போட்டுப் படித்தேன். எனக்குத்தான் ஆங்கிலம் சரியாகப் புரியவில்லையோ என்று மகளுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன். "கரெக்டாத்தாம்மா படிக்கற. ஏன், என்னாச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை எஸ்தரின் வீட்டுக்குப் போனேன். மூட்டு வலியால் நாற்காலியிலேயே இருந்தார். "வாங்க தமிழம்மா" என்று சிரித்தார். நான் உட்காரவில்லை.

"அந்த டாக்டர் பொண்டாட்டி படம் பாத்தேன். எழுத்தோட."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. எந்தப் படம் என்று கேட்கவில்லை.

"ஏன் எஸ்தர்?"

"உங்க வீட்டுக்காரர் என்னப் பாக்க ஸ்கூலுக்கு வந்தாரு. நீங்க கிளாஸ்ல இருந்தீங்க. மரத்தடியில நின்னு அழுதாரு. குழந்தைய நெனச்சா தூக்கம் வரலன்னாரு. இனிமே கை நீட்ட மாட்டேன்னு என் கையப் புடிச்சி சத்தியம் பண்ணாரு. நான் நம்பிட்டேன்."

"நீங்களா? அத்தன நடிகருங்களப் பாத்தவங்களா?"

"ஆமா. நான்தான்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அதோட... சர்ச்சுலயும் பேசிகினு இருந்தாங்க. கல்யாணம் ஆகாதவ, அடுத்தவ குடும்பத்தப் பிரிச்சி வீட்டுல வச்சிகினு இருக்கான்னு. நானும் பயந்துட்டேன்."

"போங்கன்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. சண்ட போட்டிருப்பேன், இல்ல வேலூருக்குப் போயிருப்பேன். அந்தப் படத்த ஏன் தொட்டீங்க?"

"நான் சொன்னா கேட்டிருக்க மாட்டீங்க" என்றார் எஸ்தர். "அவ சொன்னா கேப்பீங்கன்னு தெரியும்."

அவர் சொன்னதிலேயே எனக்கு அதிகம் வலித்தது இதுதான். என்னை அவ்வளவு நன்றாக அறிந்திருந்தார். அறிந்ததை வைத்துத்தான் என்னைத் திருப்பி அனுப்பினார். அழுகையை அடக்கத் தெரிந்தவனே நடிகன் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், மரத்தடியில் வாய்விட்டு அழுத ஒரு வியாபாரியிடம் தோற்றுப்போனார். அதைக்கூட மன்னிக்கலாம். நானும்தான் அந்த மனிதரிடம் தோற்றேன். ஆனால் காது போன பிறகும், கணவர் செத்த பிறகும், இத்தனை ஆண்டுகள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸிலிருந்து சாப்பிட்டவர், ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்.

"மன்னிச்சிடுங்க தமிழம்மா" என்றார். நான் கிளம்பிவிட்டேன். அதன் பிறகு நான் போகவில்லை. அவர் போன் செய்தபோது எடுக்கவில்லை. அதற்காக வருந்துகிறேன் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். வருத்தம் வரும்போது எழுதுகிறேன்.

அடக்கத்துக்குப் போனேன். நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். எஸ்தருக்கு வெள்ளைப் பட்டு கட்டியிருந்தார்கள். பாதிரியார் அவருடைய உண்மையான ஊழியத்தைப் பற்றிப் பேசினார். நான் எஸ்தரின் கைகளைப் பார்த்தேன். மார்பின் மேல் கோத்து வைத்திருந்தார்கள். முதன்முறையாக அந்தக் கைகள் எனக்கு எதுவும் சொல்லவில்லை. மண் போடும்போது நானும் ஒரு பிடி போட்டேன்.

வெளியே வந்ததும் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நரைத்துவிட்டாள். "இன்னா மிஸ், எப்டி இருந்தாங்க, எப்டி பூட்டாங்க. அந்தப் புருவக்காரி படம் நெனப்பு இருக்கா? புருசன் பொட்டியத் தூக்கிகினு முன்னால போவான், இவ பின்னாலயே போவா. மிஸ்ஸு சொல்லச் சொல்ல நான் எப்டி அழுதேன்!"

"அவ போகல மல்லிகா" என்றேன். "அவன வெளிய போன்னு சொல்லிட்டா. நான் இப்பதான் படிச்சித் தெரிஞ்சிகினேன்."

மல்லிகா என்னைப் பார்த்தாள். ஏன் எஸ்தர் மாற்றிச் சொன்னார் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நான் எந்த வாரம் திரும்பிப் போனேன் என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். என் இடது காதோரம் ஒதுங்கியிருந்த முடியைச் சரிசெய்துவிட்டு, "எனக்கும் அன்னிக்கே தோணுச்சி மிஸ்" என்றாள். "போறவ மூஞ்சி அப்டி இருக்காது."

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த முகத்தைத்தான். வாசலில் நின்றுகொண்டு, எங்கும் போகாத முகம். அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அதை நம்பாதே என்று சொன்னவரும் அவர். சொன்னதை அவரோடே மண்ணில் விட்டுவிட்டேன்.