வெடிப்பு மூடிய ஞாயிற்றுக்கிழமை

வேகமாகப் போடுவதற்கு எனக்கு உடம்பு இல்லை. சுழல் போடுவதற்குப் பொறுமை இல்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் மீடியம் பேஸ் போடாமல் வேறு என்ன செய்வான்? உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாதவன் நான். தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். அதையும் கரும்பலகைக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டேதான் எடுப்பேன். பந்தைக் கையில் கொடுத்து ஓடிவரச் சொல்கிற வேலை எனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது.

உலகத்தின் சிறந்த மீடியம் பேஸர்கள் யார் என்று டிவியில் கோட்டு போட்டுக்கொண்டு பேசுவார்களே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காற்றில் வளைப்பவர், வேகத்தைக் குறைத்து ஏமாற்றுபவர் என்று அடுக்குவார்கள். ஒருவராவது களிமண்ணைப் பற்றி வாயைத் திறந்ததுண்டா? சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்த பிறகு எங்கள் பக்கத்து வயல்கள் சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். கோடை முழுக்க அதுதான் எங்களுக்கு மைதானம். எவ்வளவு செதுக்கித் தட்டினாலும் பிட்ச்சிலும் வெடிப்பு விழுந்துவிடும். அதிவேகமாகப் போட்டால் பந்து அதைக் கண்டுகொள்ளாமல் போகும். மெதுவாகப் போட்டால் அங்கேயே செத்து விழும். மிதமான வேகத்தில் அதன் விளிம்பில் பட்டால் வெடுக்கென்று வெளியே திரும்பும்.

இந்தக் கோடையில் ஆஃப் ஸ்டம்புக்கு எதிரே அப்படி ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. அதை வைத்தே எங்கள் அணியை இறுதிப் போட்டி வரை இழுத்து வந்துவிட்டேன். "அவருக்கென்னப்பா, அவரா போடுறாரு? வெடிப்பு போடுது" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்பேன். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

வயல் என் அக்கா வீட்டுக்காரருடையது. அணியின் விக்கெட் கீப்பரும் அவர்தான். இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் இடியும் மின்னலுமாக ஒரு மழை கொட்டியது. அக்கா போனில், "மச்சான் வாசல்ல நின்னு நனையிறாருடா, அவ்வளவு சந்தோஷம்" என்றாள். எனக்கோ அந்த வெடிப்பின் ஞாபகம்தான்.

விடிந்ததும் விடியாததுமாக பைக்கை எடுத்துக்கொண்டு நேராக வயலுக்குப் போனேன். முந்தின வாரம் இரண்டு விரல் நுழைந்த வெடிப்பில் நகம்கூட நுழையவில்லை. களிமண் தண்ணீரைக் குடித்து உப்பி, வாயை மூடிக்கொண்டுவிட்டது. வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தோற்பதைப் பற்றிக்கூட நான் அவ்வளவு கவலைப்படவில்லை. வெடிப்பு இல்லாவிட்டால் நான் பௌலர்தானா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் பயம்.

மச்சான் சாவகாசமாக வந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"அருமையான பதம், மாப்ள. சாயங்காலம் உழவு ஓட்டிடலாம். டிராக்டருக்குச் சொல்லிட்டேன்."

"சாயங்காலமா? மேட்ச் இருக்கு மச்சான்!"

"நாலரை வரைக்கும் ஆடுங்க."

"ஒரு நாள் தள்ளிப் போடக் கூடாதா?"

"ஈரம் எனக்காக நிக்குமா? இன்னைக்கு விட்டா டிராக்டர் அடுத்த ஊருக்குப் போயிடும். அப்புறம் நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் வயல், அவர் மழை. என்ன சொல்ல முடியும்?

எதிரணி பட்டுக்கோட்டைப் பக்கம். தென்னந்தோப்பு மணலில் ஆடி வளர்ந்த பையன்கள். வேனை விட்டு இறங்கியதும் என்னைக் காட்டி, வெடிப்பு வெடிப்பு என்று ஏதோ கிசுகிசுத்தார்கள். மதியமே ஆட்டம் தொடங்கியது. முதலில் நாங்கள் ஆடினோம். பிறகு அவர்கள் துரத்த ஆரம்பித்தார்கள். என்னைக் கடைசி ஓவருக்கு வைத்திருந்தார்கள். பவுண்டரியில் நின்ற நான் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கே டிராக்டர் வந்து வரப்போரம் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. அந்தச் சத்தம் என் மண்டைக்குள் ஓடியது.

கடைசி ஓவர். அவர்களுக்கு எட்டு ரன் வேண்டும். எங்களுக்கு ஒரே ஒரு விக்கெட். முதல் பந்தைப் பழக்க தோஷத்தில் வெடிப்பு இருந்த அதே இடத்தில் போட்டேன். பந்து திரும்பவே இல்லை. சாதுவாக மட்டைக்குப் போனது. நாலு. அடுத்ததும் அதே இடம். இரண்டு. இனி இரண்டே ரன். வேர்வையில் பந்து கையில் நழுவியது.

மச்சான் கிளவுஸைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கீழே என்ன தேடுறீங்க, மாப்ள? அதுதான் மூடிப் போச்சே. ஸ்டம்பைப் பார்த்துப் போடுங்க."

அப்போதுதான் உறைத்தது. நான் ஸ்டம்பைப் பார்த்துப் பந்து போட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஓடிவரும்போது என் கண் எப்போதும் தரையில்தான் இருக்கும்.

அவர் திரும்பிப் போய் ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்து பேட்ஸ்மேனிடம் ஏதோ சொன்னார். டிராக்டர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நான் ஓடிவந்தேன். நடு ஸ்டம்பைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கையை விட்டுப் போன பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அந்தப் பையன் பந்து வெளியே திரும்பும் என்று மட்டையை வெளியே நீட்டினான். அது திரும்பவில்லை. நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தது.

எல்லோரும் என்னைத் தூக்கினார்கள். இறக்கிவிட்ட அடுத்த நிமிடம் டிராக்டர் வயலுக்குள் இறங்கியது. மச்சான் காலில் கட்டிய பேடைக்கூடக் கழற்றாமல் அதன் பக்கத்தில் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அந்தப் பையன் கிட்ட என்ன சொன்னீங்க மச்சான்?"

"வெடிப்புப் பக்கம் இன்னும் அவர் போடலை தம்பி, இப்பதான் போடப் போறாரு, பார்த்து ஆடுன்னேன்."

"அதுதான் மூடிடுச்சே!"

"மணல்காட்டுப் பையன். களிமண் ஒரு மழைக்கு மூடிக்கும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு முகம் விழுந்துவிட்டது. இல்லாத வெடிப்பும் எனக்கு விக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டது. டீக்கடைக்காரர்கள் சொன்னதுதான் கடைசியில் சரியா?

"அப்போ அந்த விக்கெட் என்னோடது இல்லை. உங்க வாயோடது."

மச்சான் நின்றார். நாங்கள் ஆடிய பிட்ச்சைக் கலப்பை புரட்டிப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஸ்டம்பைப் பாருங்கன்னு சொல்றது லேசு, மாப்ள. அந்த நேரத்துல நேரா போட்டது யாரு? நானா?"

கண் கலங்கியதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பிக்கொண்டேன். வயல் முழுக்க மண் புரண்டு கிடந்தது. அடுத்த கோடை வரை இங்கே பந்து போட முடியாது. எப்படித்தான் சும்மா இருப்பேன்? வரப்பில் ஏறி, கையில் பந்தோடு, ஓடிவருவதற்குத் தப்படி அளக்க ஆரம்பித்தேன்.