ஆசிட் கேனுக்கு நான்தான் பொறுப்பு

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் என்றால், தான் குனியாமல் மற்றவர்களைக் குனிய வைத்துத் தரையைப் பளபளப்பாக்குகிறவன் என்று பொருள். சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் ஆறு வருடம், அதன் பிறகு கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்று வரை, நான் பார்க்கிற வேலை அதுதான். உங்களில் யாராவது நாலு பேரை வேலை வாங்குகிறவராக இருந்தால், இதைப் படிக்கும்போது அங்கங்கே எரியும். எழுதுகிற எனக்கும் எரிகிறது.

டபுள் பவர்

ஆருத்ரா தரிசனத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. லாட்ஜில் எல்லா அறையும் புக்காகிவிட்டது. மூன்றாவது மாடியில் ஒரு பாத்ரூமில் மட்டும் உப்புத் தண்ணீர்க் கறை மஞ்சளாகப் படிந்து, போவேனா என்றது. அங்கே வேலை பார்த்தவர் எஸ்தரக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊற வைத்திருந்தார். அதற்கு மேலேயே ஆசிட்டை ஊற்றுங்கள், இரண்டும் சேர்ந்தால் டபுள் பவர் என்றேன். இரண்டையும் சேர்க்கக் கூடாது என்பார்களே என்று அவர் இழுத்தார். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று நான்தான் அவசரப்படுத்தினேன். நெடி வராண்டாவுக்கு வரக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்ளவும் சொன்னேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது. கண்ணும் மூக்கும் ஒழுக, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுக்க முடியாமல் எஸ்தரக்கா வந்து வராண்டாவில் உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள்.

என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். இந்த அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யால் வைத்தியம் தப்பாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். எஸ்தரக்கா கோபமே இல்லாமல், சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்:

"எனக்கு வீசிங் இருக்குன்னு எனக்கே தெரியாது சார். ஒங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுது?"

மேஜை மேல் ஒரு பாட்டில்

ஐந்து லிட்டர் கேனை மாடி மாடியாகத் தூக்க யாருக்குத்தான் பிடிக்கும்? கேனிலிருந்த பிளீச்சிங் திரவத்தைக் காலி தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி மாடிக்கு ஒன்றாகக் கொடுப்பேன். என் மூளையில் உதித்த ஏற்பாடு அது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

லாட்ஜில் ஒருநாள் ஆள் குறைவு. நானே ஒரு அறையைச் சரிபார்த்துவிட்டு, கையிலிருந்த பாட்டிலை மேஜை மேல் வைத்ததை மறந்து வந்துவிட்டேன். அந்த அறைக்கு விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கைக்குழந்தை அழுதிருக்கிறது. அம்மா பால் பவுடரை டம்ளரில் போட்டு, மேஜை மேல் இருந்த பாட்டிலைத் திறந்திருக்கிறார். நெடி முகத்தில் அடித்ததால் குழந்தை பிழைத்தது.

அந்த அம்மாவின் மாமனார் பாட்டிலோடு ரிசப்ஷனுக்கு வந்தார். அவர் கத்தப்போகிறார் என்று நான் தயாராக நின்றேன். கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் பாட்டிலை என் முன்னால் மெதுவாக வைத்துவிட்டுச் சொன்னார்:

"தண்ணி பாட்டில்ல தண்ணிதான் இருக்கும்னு நெனச்சது எங்க தப்புதான் தம்பி."

மூடி மாறிய வாரம்

இனி கடலூர். ஆஸ்பத்திரி செம்மண்டலம் பக்கம். அங்கே தரைத் தளத்து வார்டுகளைத் துடைப்பவர் அஞ்சலை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கேன் மூடியின் நிறத்தை வைத்துத் தவறே செய்யாமல் வேலை பார்ப்பார். பச்சை மூடி தரைக்கு, சிவப்பு மூடி கக்கூஸுக்கு.

ஒரு மாதம் சரக்கு வேறு இடத்திலிருந்து வந்தது. அதில் பச்சை மூடி போட்டு வந்ததுதான் ஆசிட். நான் லேபிளைப் படித்தேன். கூடவே வந்த ஆங்கிலத் தாளை ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டினேன். கடமை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

நாலைந்து நாளில் பழைய சரக்கு தீர்ந்தது. அஞ்சலை வழக்கம்போலப் பச்சை மூடியைத் திறந்து வாளியில் ஊற்றினார். மொசைக் தரை நுரைத்துப் பொங்கியது. நோயாளிகள் இருமினார்கள். துணியை வெறுங்கையால் பிழிந்திருந்ததால் அவருடைய இரண்டு உள்ளங்கையும் வெந்து கொப்பளித்துவிட்டன. நர்ஸுகள் அவர் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருக்கும்போதே நான் போய்த் திட்டினேன். கதவில்தான் பெரிதாக ஒட்டியிருக்கிறேனே, கண்ணில்லையா என்று கேட்டேன். அஞ்சலை கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"நீங்க ஒட்டுன பேப்பரயும் சேத்துதான் சார் நான் தெனம் கதவத் தொடைக்கறேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருநாளாவது சொன்னீங்களா?"

பூட்டிய பீரோ

அஞ்சலை ஏன் வெறுங்கையால் பிழிந்தார் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் நானும் சொல்லாமல் இருக்கலாம்தான். ஆஸ்பத்திரியில் முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை இருந்தது. கண்ணுக்குக் கண்ணாடியும் இருந்தது. எல்லாம் என் பீரோவில், என் சாவியின் கீழ். கொடுத்தால் கிழித்துவிடுவார்கள், ஆய்வுக்கு ஆள் வரும்போது காட்ட வேண்டுமே என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

ஆய்வுக்கு ஒரு அம்மா வந்தார். பீரோவைத் திறந்து காட்டினேன். ஒன்றை எடுத்து அஞ்சலையிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். பல மாதம் மடித்தே கிடந்ததில் கையுறை உள்ளே ஒட்டிப்போயிருந்தது, விரல் நுழையவில்லை. அஞ்சலைக்கு அதைப் போட்டுப் பழக்கமும் இல்லை. இடையில் அவருடைய உள்ளங்கைத் தழும்பை அந்த அம்மா திருப்பிப் பார்த்தார். நோட்டில் எழுதுவதற்கு முன்னால் என்னிடம் ஒன்று சொன்னார். அவர் எழுதியதைவிட அதுதான் இன்னும் நினைவில் நிற்கிறது:

"கையுறை எல்லாம் புதுசாவே வச்சிருக்கீங்க. கைதான் பழசாயிடுச்சு."

என் வீட்டு பாத்ரூம்

ஆய்வு நடந்த அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. என் மனைவி பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு ஆசிட் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்ட கையோடு ஓடிப்போய் அவளை வெளியே இழுத்து, ஜன்னலைத் திறந்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அவள் ஈரப் புடவையோடு நின்று என்னையே பார்த்தாள்.

"வேலைக்கு வர்றவங்களுக்கும் இப்புடித்தான் ஓடுவீங்களா?"

யார் சொல்லிக் கொடுத்தது

மறுநாள் பீரோ சாவியை அஞ்சலையிடமே கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டார். கேன்களில் படம் வரைந்து ஒட்டினோம். தரைக்கு எது, கக்கூஸுக்கு எது என்று அஞ்சலை சொல்ல, நான் வரைந்தேன்.

இப்போது புதிதாக யார் வந்தாலும் முதல் ஒரு மணி நேரம் நான் பேசுவேன். ஒன்றோடு ஒன்றைச் சேர்க்காதே. கதவு, ஜன்னலைத் திறந்து வை. முதலில் தண்ணீர், அதில்தான் மருந்து. வேறு பாட்டிலில் ஊற்றி வைக்காதே. கையில் கண்ணில் பட்டால் யாரையும் கேட்காமல் குழாயடிக்கு ஓடு. போன மாதம் கல்பனா என்று ஒரு பெண் சேர்ந்தாள். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், கையுறையை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அஞ்சலை வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கல்பனா கேட்டது இதுதான்:

"இவ்ளோ வெவரமா சொல்றீங்களே சார், இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

கேன் மேல் எச்சரிக்கை என்று அச்சடிக்கிறவர்கள், சூப்பர்வைசர் சட்டை மேலும் அதையே அச்சடித்திருந்தால் நாலு பேராவது தப்பித்திருப்பார்கள்.